ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து

சேசு மரி சூசை துணை

பிடோக், சிங்கப்பூர்
21 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அற்புதராஜ் எழுதுவது. இங்கே நான் சுகம். அம்மாவுக்கு இப்போது மூச்சு எப்படி இருக்கிறது? போனில் கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி உன்னிடம் கொடுத்துவிடுகிறாள். வாரம் தவறாமல் பேசினாலும் காகிதத்தில் எழுதி வந்தால்தான் அம்மாவுக்கு மகனிடமிருந்து சேதி வந்த மாதிரி. அதனால்தான் இது.

அன்று அம்மாவுக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்சும் வராமல் நீ தவித்தபோது, "இன்ஸ்பெக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளு, வண்டி அனுப்புவார்" என்று நான்தான் போனில் கத்தினேன். நீ தயங்கினாய். கடைசியில் கேட்டாய், கால் மணி நேரத்தில் வண்டி வந்தது. கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கால் மணி நேரம் எப்படிப் போனது என்று சொன்னால் புரியாது. அவருக்கு என் நன்றியையும் சொல். நீ மாஜிஸ்ட்ரேட்டாக இருந்து இந்த உதவிகூடக் கிடைக்காவிட்டால் எப்படி?

தெம்பனிஸ் கட்டட சைட்டில் பன்னிரண்டாவது மாடிக்கு வந்துவிட்டோம். கம்பி கட்டும் ஆட்களில் சின்னராசு என்று ஒருவன். பேச்சுவாக்கில் ஊரைக் கேட்டேன். உன் கோர்ட் எல்லைக்குள் வருகிற கிராமம். "எங்கக்காதான் அங்க மாஜிஸ்ட்ரேட்" என்றேன். கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். உனக்குக் கும்பிடு போடுவதுபோல எனக்குப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை நான் லூர்து மாதா கோவிலில் தமிழ்ப் பூசை முடித்து வரும்போது டெக்கா மார்க்கெட்டில் எனக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறான். உன் புண்ணியத்தில் எனக்கு ஓசித் தேநீர்.

அம்மா மாத்திரையை முழுங்குகிறாளா, தலையணைக்கு அடியில் வைக்கிறாளா என்று பார்.

அன்புத் தம்பி,
ராஜ்

*

9 பிப்ரவரி 2024

அன்புள்ள ராஜுவுக்கு,

அக்கா ஜெசிந்தா எழுதுவது. உன் கடிதத்தை அம்மா பைபிளுக்குள் வைத்துவிட்டாள். நாங்கள் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

இன்ஸ்பெக்டரிடம் நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. வந்தது போலீஸ் வண்டி இல்லை, வாடகை வேன். ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓடவில்லை. அந்த டிரைவர் தம்பி அம்மாவைக் கையில் ஏந்திக்கொண்டே மாடி ஏறினான். அம்மா அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "பாத்துப்பா, நான் கனம்" என்கிறாள். அவன், "எங்கம்மாவ விடக் கம்மிதான்" என்கிறான். இறங்கும்போது வாடகை கொடுத்தேன். வாங்கவில்லை. "இன்ஸ்பெக்டர் ஐயா சொல்லி வந்தேம்மா" என்று பின்னால் நகர்ந்தான். நல்ல மனசு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பயமோ என்று தோன்றியது.

அப்பா ஞாபகம் வந்தது. முப்பது வருஷம் கோர்ட் வாசலில் நின்று பெயர் கூப்பிட்ட டவாலி. போலீஸ்காரர் வாங்கித் தரும் தேநீரைக்கூடக் குடிக்கமாட்டார். நீ, "ரொம்பப் பண்றாருக்கா" என்று சிரிப்பாய்.

போகட்டும். அம்மா மூச்சு விடுகிறாள், அதுதான் முக்கியம். விபூதிப் புதன் வருகிறது. தபசு காலத்தில் வெள்ளிக்கிழமையாவது கோழி சாப்பிடாதே.

அன்புடன்,
அக்கா

*

சேசு மரி சூசை துணை

பிடோக்
20 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பத்து நாளாக நீ போன் எடுக்கவில்லை. அம்மா எடுத்து, "அக்கா கோர்ட்டுக்குப் போயிட்டா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொன்னாள்.

சின்னராசுவின் தம்பி செத்துப்போனான். சேதுபதி. இருபத்தெட்டு வயது, வாடகை வேன் ஓட்டுகிறவன். பத்தாம் தேதி ரிமாண்ட் ஆகி, பன்னிரண்டாம் தேதி கிளைச் சிறையில் இறந்தான். நெஞ்சுவலி என்று தாயிடம் சொல்லியிருக்கிறார்கள். சேதி வந்தபோது சின்னராசு சைட்டில் இருந்தான். போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, பாதியில் விட்ட கம்பியைக் கட்டி முடித்தான். பிறகுதான் உட்கார்ந்தான். மேஸ்திரி முகமது இஸ்மாயில் அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். அன்று மாலையே டிக்கெட் எடுத்து அனுப்பினோம்.

போகும்போது என்னைக் கேட்டான். "ரிமாண்ட் பண்ணது உங்கக்காதான் சார். அவங்க பாத்தப்ப எப்படி இருந்தான்?"

"அக்கா பாத்திருப்பாங்க. விசாரிச்சிருப்பாங்க. அப்ப ஏதும் இருந்திருந்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாங்க" என்றேன்.

"அதான் சார் எனக்கும் புரியல" என்றான்.

நான் சொன்னது சரிதானே அக்கா? ஒரு வரி எழுது.

ராஜ்

*

4 ஏப்ரல் 2024

அன்புள்ள ராஜுவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ கேட்ட விஷயம் விசாரணையில் இருக்கிறது. காவலில் மரணம் என்றால் வேறு ஊர் மாஜிஸ்ட்ரேட் வந்து விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். வந்திருக்கிறார்கள். இது பற்றி நான் யாரிடமும் பேசக்கூடாது. ரிமாண்ட் சட்டப்படி நடந்தது. காகிதங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன.

போனில் இதைப் பேசாதே.

அம்மா பாஸ்கா திருநாளுக்குப் புதுச்சேலை கட்டிக்கொள்ளவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை பாடுகளின் வாசகத்துக்கு நான் கோவிலுக்குப் போகவில்லை. ஏன் என்று அம்மா கேட்கவும் இல்லை.

அக்கா

*

பிடோக்
21 ஏப்ரல் 2024

அக்கா,

நலம்தானே? உன் கடிதத்தை ஐந்தாறு முறை வாசித்துவிட்டேன். "காகிதங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன" என்று எழுதியிருக்கிறாய். நான் காகிதத்தைக் கேட்கவில்லை.

சின்னராசு காரியம் முடித்துத் திரும்பி வந்துவிட்டான். இரண்டு வாரமாக ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் டார்மிட்டரியை விட்டு வெளியே வரவில்லை. நேற்று நானே போனேன். கட்டிலில் உட்கார்ந்து போனில் ஒரு படத்தைக் காட்டினான். அடக்கத்துக்கு முன்னால் தம்பியின் பாதங்களை மட்டும் எடுத்திருக்கிறான். முகத்தை எடுக்க மனசு வரவில்லையாம். நான் பார்த்தேன். இரண்டும் கறுத்து வீங்கி, உள்ளங்கால் தோல் பிரிந்து கிடக்கிறது. அந்தக் காலை ஊன்றி யாராலும் நிற்க முடியாது. சேதுபதியை வெள்ளிக்கிழமை மாலையே பிடித்துக்கொண்டு போனார்களாம். காகிதத்தில் ஞாயிறு காலை கைது என்று இருக்கிறதாம்.

என் வேலையில் ஒரு விதி இருக்கிறது. கான்கிரீட் போடுகிறவனே அது உறுதியாக இருக்கிறது என்று சான்று எழுதக்கூடாது. ஒவ்வொரு வார்ப்பிலும் கொஞ்சம் கட்டியாக எடுத்து வெளியே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். அவர்கள் அதை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்கள். எங்கள் மீது சந்தேகம் என்று இல்லை. அவசரத்தில் இருக்கிறவன் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது, அதனால். உடைத்துப் பார்க்காமல் ஆய்வுக்கூடம் கையெழுத்துப் போட்டால், அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவனுக்கு யார் இருக்கிறார்கள்?

உன்னை ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்த்தாயா?

ராஜ்

*

பிடோக்
9 ஜூன் 2024

அக்கா,

ஏழு வாரம் ஆயிற்று. அம்மாவிடம் பேசினேன். "அவ சாப்பிடறதில்லடா" என்று சொல்லி அழுதாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சின்னராசு என்னிடம் இப்போது வேலை விஷயம் மட்டும்தான் பேசுகிறான். "சார், பதினாறாம் எண் கம்பி தீந்துபோச்சு." அவ்வளவுதான்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

ராஜ்

*

சேசு மரி சூசை துணை

2 ஜூலை 2024

அன்புள்ள ராஜு,

நலமாக இரு. இதை அம்மாவுக்குத் தெரியாமல் கோர்ட் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். விடுமுறை நாள் என்பதால் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டரே வந்தார். கூடத்தில் உட்கார்ந்து முதலில் அம்மாவின் மூச்சைப் பற்றித்தான் விசாரித்தார். பிறகு பைலை நீட்டினார். "எங்கே ஆள்?" என்றேன். "வேன்ல இருக்கான்மா. பிடிக்கப் போனப்ப ஓடி விழுந்துட்டான், கால்ல லேசா சுளுக்கு. இறக்கி ஏத்தணும். மெடிக்கல் சர்டிபிகேட் வச்சிருக்கோம்."

ஜன்னலில் நின்று பார்த்தேன். போலீஸ் வேன் தெருவில் நின்றது. கம்பி வலைக்கு உள்ளே இருட்டு. வாசலில் இருந்து வேனுக்கு இருபது அடிகூட இருக்காது.

"இறக்குங்கள்" என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, ராஜு. பயம் இல்லை. பயந்திருந்தேன் என்றால்கூட யாராவது மன்னிப்பார்கள். வெட்கம். என் தாயைக் காப்பாற்ற வண்டி அனுப்பியவரிடம், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று எப்படிக் காட்டுவது? அவர் எதிரிலேயே என் கையால் எழுதினேன்: "எதிரி என் முன் ஆஜர்படுத்தப்பட்டார். நேரில் விசாரித்தேன். உடலில் காயம் இல்லை. போலீசார் மீது புகார் ஏதும் இல்லை." கையெழுத்துப் போட்டேன். அவர் எழுந்து சல்யூட் வைத்தார்.

போலீஸ் ஒருவனைப் பிடிக்கலாம். பிடித்தவனை வைத்திருக்கலாமா என்பதை அவர்களே சொல்லக்கூடாது. அதற்காகத்தான் ஒரே அரசாங்கத்துக்குள் என்னை அவர்களிடமிருந்து பிரித்துத் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். பரீட்சையில் இதைப் பத்துப் பக்கம் எழுதி மார்க் வாங்கியவள் நான். அன்று அவரே பிடித்தார், அவரே அடித்தார், அவன் நன்றாக இருக்கிறான் என்று அவரே தீர்ப்பும் சொன்னார். என் வீட்டில் உட்கார்ந்து, என் பேனாவால்.

இன்னொன்று. பேப்பரில் படம் வந்த அன்று அம்மா அதைக் கையில் எடுத்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இது என்னைத் தூக்கிட்டு மாடி ஏறின தம்பி இல்ல?" என்றாள்.

அவன்தான். ஸ்டேஷன் வேலைக்கெல்லாம் அவன் வேனைத்தான் கூப்பிடுவார்களாம். வாடகை கிடையாது. அந்த வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனுக்கு வேறு சவாரி இருந்தது, முடியாது என்று சொல்லியிருக்கிறான். முதல் தடவையாக. அதுதான் குற்றம். இறக்கிப் பார்த்திருந்தால் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்திருக்கும்.

விசாரணை மாஜிஸ்ட்ரேட் வைதேகி என்பவர். பதினெட்டாம் தேதி என் வாக்குமூலம். டிஎஸ்பி வந்து போனார். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் அம்மாவுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். என் சீனியர் ஒருவர், எனக்கு நல்லது நினைக்கிறவர், சொல்கிறார்: "எழுதினதையே சொல்லும்மா. பாத்தேன், நல்லா இருந்தான். அதுக்கப்புறம் ஜெயில்ல என்ன நடந்துச்சோ, உனக்கென்ன தெரியும்? மாத்திச் சொன்னா உன் வேலை போகும். நீதித்துறைக்கே அசிங்கம்."

அப்படிச் சொன்னால் நான் தப்பிப்பேன். ஸ்டேஷனும் தப்பிக்கும். பழி கிளைச் சிறை வார்டர் தலையில் விழும்.

நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தும் கேட்கிறேன்.

ஜெசிந்தா

*

பிடோக்
13 ஜூலை 2024

அக்கா,

நான் நலமாக இல்லை. பதினெட்டாம் தேதிக்குள் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன். உன்னிடம் இத்தனை மாதம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

அந்தப் பத்தாம் தேதி பூசை முடித்து டெக்காவுக்கு வந்தபோது சின்னராசு தேநீர் வாங்காமல் நின்றுகொண்டிருந்தான். முகம் சரியில்லை. ஊரில் இருந்து அவன் அம்மா போன் செய்திருக்கிறாள். தம்பியை ஸ்டேஷனில் வைத்து அடிக்கிறார்கள், சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று. மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கறிக்கடை இரைச்சலில் அவன் சொன்னதை இரண்டு முறை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

"சார், அக்காகிட்ட ஒரு போன் போட்டுச் சொல்லுங்க சார். விடச் சொல்லல. அடிச்சிருக்காங்க, கொஞ்சம் பாருங்கன்னு மட்டும் சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சின்னராசு, ஜட்ஜ்கிட்ட கேஸ் பத்திப் பேசக்கூடாது. சொந்தத் தம்பியா இருந்தாலும் கூடாது. பேசினா அப்புறம் அவங்க ஜட்ஜ் இல்ல. நீ கவலப்படாத. சட்டம் போடறவங்க வேற, போலீஸ் வேற, கோர்ட் வேற. போலீஸ் என்ன பண்ணாலும் அவங்க முன்னாடி நிறுத்தித்தான் ஆகணும். எங்கக்கா கட்டாயம் கேப்பாங்க. நான் சொல்லித்தான் பாக்கணும்னு இல்ல."

அவன் நம்பினான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. முகம் தெளிந்து, "நீங்க சொன்னா சரி சார்" என்றான். ஊருக்குப் போன் செய்து, "அம்மா பயப்படாத. ஜட்ஜ் அம்மா நல்லவங்க. அவங்க கேக்கும்போது தம்பிய எல்லாத்தையும் சொல்லச் சொல்லு" என்றான். தாய் ஸ்டேஷன் வாசலில் நின்று, வேனில் ஏற்றும்போது அதைக் கத்திச் சேதுபதியிடம் சொல்லியிருக்கிறாள். உன் வீட்டுத் தெருவில் வேனுக்குள் உட்கார்ந்து, எப்போது இறக்குவார்கள் என்று அவன் காத்துக்கொண்டிருந்திருப்பான்.

இன்ஸ்பெக்டரிடம் கேள் என்று உன்னைத் தள்ளியவனும் நான். உன்னிடம் பேசக்கூடாது என்று சின்னராசுவைத் தடுத்தவனும் நான். போலீசுக்கு ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டு, அவனிடம் மட்டும் சட்டம் பேசினேன்.

நீ என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாய். அன்று சொல்லாத வார்த்தையை இன்று சொல்கிறேன். பார்க்கவில்லை என்று சொல். எனக்கு எழுதினாயே, அதே போல ஒரே வார்த்தையில் சொல்.

அற்புதராஜ்

*

6 அக்டோபர் 2024

அன்புள்ள ராஜு,

நீ நலமா? அம்மா நலம். நாங்கள் இப்போது கோர்ட் குடியிருப்பில் இல்லை. சவேரியம்மாள் அத்தை வீட்டு மாடியில் இருக்கிறோம். உறையில் உள்ள முகவரிக்கு எழுது.

சொல்லிவிட்டேன். வைதேகி கேட்டதும், "பார்க்கவில்லை" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, "கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டீர்களா?" என்றார். மறுபடியும் சொன்னேன். என்னைவிட வயதில் சின்னவர். எழுதி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுவாரம் சஸ்பெண்ட் ஆனேன். இன்ஸ்பெக்டரும் இரண்டு ஏட்டுகளும் கைதானார்கள். மேல்கோர்ட் தினமும் விசாரணை நடத்தச் சொல்லியிருக்கிறது. நான் அரசுத் தரப்பு சாட்சி. என் மேல் துறை நடவடிக்கை தனியாக நடக்கிறது. வக்கீல்கள் சிலர் எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். ஒருத்தர் மட்டும் வந்து, "தைரியமாச் சொன்னீங்க" என்றார். கூசிப்போனேன். அதற்குத் தைரியம் வேண்டியிருக்கவில்லை. தைரியம் வேண்டியிருந்தது மார்ச் மாதத்தில்.

உன் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் எழுத முயன்றேன். நீ அன்று போன் செய்திருந்தால், "கேஸ் விஷயம் பேசாதே" என்று வைத்திருப்பேன். அதுதான் முறை. நீ செய்தது சரி. அவன் தாய் செய்ததும் சரி. நான் ஒருத்தி என் வேலையைச் செய்வேன் என்று நம்பி எல்லோரும் எவ்வளவு சரியாக நடந்திருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் சொல்லச் சொன்னாள் என்று எழுதியிருந்தாயே. அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மிச்சத்தை ஒரு வாரம் கழித்துத்தான் படித்தேன்.

அம்மா உன் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாள்.

அக்கா

*

சேசு மரி சூசை துணை

பிடோக்
2 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இன்று கல்லறைத் திருநாள். அப்பாவுக்கும் சேதுபதிக்கும் பூசை வைத்தேன். பெயர் எழுதிக்கொள்கிற அம்மா, "சேதுபதி உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்கள். தெரிந்தவர் என்றேன்.

நீ சொன்ன வாக்குமூலம் பற்றிச் சின்னராசுவுக்கு ஊரில் இருந்தே சேதி வந்துவிட்டது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு சிராங்கூன் ரோடு முழுக்க விளக்கும் கூட்டமும். அவனைக் கேம்பல் லேன் பக்கம் பார்த்தேன். ஊருக்குப் பெட்டி கட்டச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தான். வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டானாம். தாய் தனியாக இருக்கிறாள்.

பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா உண்மையச் சொல்லிட்டாங்களாம் சார்" என்றான் அவனே.

"ஆமா."

"வேலை போயிருச்சாம்."

"ஆமா."

ஒரு கம்பளியைப் பிரித்துப் பார்த்து மடித்தான். "நல்லவங்கதான் சார். நீங்க அன்னிக்குச் சொன்னது பொய்யில்ல" என்றான். திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். பெட்டியைத் தூக்க உதவப் போனேன். "வேணாம் சார், நான் தூக்கிக்குவேன்" என்று போய்விட்டான்.

அவன் கட்டின கம்பிமேல் கான்கிரீட் போட்டு மூடி, அடுத்த மாடிக்கு வந்துவிட்டோம். அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

அம்மாவிடம் பேசுகிறேன். உன்னிடம் பேச இன்னும் குரல் வரவில்லை. கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. என்னவென்று எனக்கே தெரியவில்லை.

ராஜ்

*

16 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பி ராஜுவுக்கு,

இறைவன் உன்னை நலமாக வைத்திருக்கட்டும். அம்மா நடமாடுகிறாள். நான் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை என் சாட்சியம் முடிந்தது. இன்ஸ்பெக்டர், ஏட்டுகள் என மூன்று பேரின் வக்கீல்களும் மாறி மாறிக் கேட்டார்கள். எழுதியது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்றார்கள். எழுதியதுதான் பொய் என்றேன். நீதிபதி அதை ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிப் பதியவைத்தார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒருவர் வந்து எதிரில் நின்றார். கட்டம் போட்ட சட்டை, கையில் மஞ்சள் பை. "வணக்கம்மா. நான் சின்னராசு. சிங்கப்பூர்ல சார்கூட வேலை பாத்தேன்."

எழுந்து நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. என்ன வந்தாலும் நின்றே வாங்கிக்கொள்வோம் என்று இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. சார் நல்லா இருக்காரா என்றுகூடக் கேட்டார். பிறகு சொன்னார்:

"எங்கம்மா தினமும் ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஸ்டேஷன் வாசல்ல அவங்க கத்திச் சொன்னது தம்பி காதுல விழுந்துச்சான்னு. விழுந்திருந்தா உங்க வீட்டு முன்னால வந்ததும் அவன் கூப்பிட்டிருப்பான்ல. வேன்ல இருந்து சத்தம் ஏதாவது வந்துச்சாம்மா?"

"கேட்கவில்லை" என்றேன்.

"உங்களுக்குக் கேக்கலையா, இல்ல நீங்க கேக்கலையா?" என்றார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை, ராஜு. தாயிடம் போய்ச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்ற குரல்.

"இரண்டும்தான்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பையை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அவன் கூப்பிட்டான்னு சொல்லிடறேம்மா. நீங்க தூரத்துல இருந்தீங்க, காதுல விழலன்னு சொல்லிடறேன். எங்கம்மாவுக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நான் மறுத்திருக்க வேண்டும். இருபது அடிதான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு மட்டும் எழுதிக்கொண்டிரு. அவள் எனக்கு வாசிக்கத் தருவாள்.

உன்
ஜெசிந்தா